கடைமடையாரின் தலைத்துண்டு

டெல்டாவில் முடி கொட்டுவதைப் பற்றி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் முதலில் என்னிடம்தான் ஓடி வருவார்கள். பொய். என் தலையைப் பார்த்த எவனும் முடியைப் பற்றி என்னிடம் வாய் திறக்க மாட்டான். எல்லாரும் ஓடியது கடைமடையாரிடம். அவர் கையில் தலையைக் கொடுக்காதவனுக்குத் தலை இருந்தும் பிரயோஜனமில்லை என்பது திருவாரூர்ப் பக்கத்து நம்பிக்கை.

எங்கள் கடைத்தெருவில் அவர் சலூன் வைத்திருந்தார். மற்ற சலூன்களில் நடிகர் படம் தொங்கும். இவர் கடையில் ஆறு, வாய்க்கால் வரைபடம். நாற்காலியில் சாய்ந்தால் மின்விசிறிக் காற்றில் கண் சொக்கும். கண்ணாடிக்குள் பஸ்ஸெல்லாம் திசை மாறி மிதந்து போகும். அந்தப் பாதித் தூக்கத்தில் நம் உச்சியை விரலால் தட்டித் தீர்ப்பு சொல்வார்.

"நெத்தி ஓரம் நல்லா பாயுது தம்பி. உச்சிதான் கடைமடை. ஆத்துத் தண்ணி கடைசியா வந்து சேர்ற வயலு. வந்தா வரும்."

அப்படி வந்த பெயர்தான் அது. ஒருமுறை மூலிகை எண்ணெய் விற்க ஒருவன் வந்தான். "தடவுன எடத்துல முளைக்கும்ணே" என்றான்.

"தெனம் உள்ளங்கையிலதான ஊத்திக்காட்டுற? அங்க ஏன்டா முளைக்கல?"

அவன் தன் கையையே பார்த்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.

இவ்வளவு பேசுகிறவர் தன் தலையை மட்டும் யாருக்கும் காட்டியதில்லை. எப்போதும் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு, காது வரைக்கும் இறுக்கிக் கட்டியிருப்பார். உள்ளே கோடைக்காலத்து ஆறு மாதிரி வெறும் மணல்தான் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. அதை ஊரெல்லாம் பரப்பியது நான்தான். நம் பக்கம் ஒரு ஆள் கூடுகிறதே என்ற ஆசை.

என் தலைக்கு அவர் சொன்ன தீர்ப்பு இது: "ஒன்னுது கடைமடைகூட இல்ல. மனை போட்டுக் கல்லு நட்டாச்சு. ஒங்கப்பாவே பத்திரம் எழுதிக் குடுத்துட்டாரு. ஆரம்பத்துலயே டாக்டருட்ட போயிருந்தா வரப்பாவது மிஞ்சியிருக்கும்."

நான் சிரித்துவிட்டேன். ஆனால் என் மனைவி மலருக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தை பிறந்து நாலாம் மாதம் அவளுக்குக் கொத்துக் கொத்தாகக் கொட்ட ஆரம்பித்தது. கொட்டியதைச் சுருட்டிப் பவுடர் டப்பாவில் போட்டுவைப்பாள். தெருவில் முடி வாங்கிக்கொண்டு பாத்திரம் கொடுக்கிறவர் வந்தார். மற்ற பெண்கள் வருஷம் பூரா சேர்த்து வாங்குகிற எவர்சில்வர் கிண்ணம், இவளுக்கு இரண்டே மாதத்தில் கிடைத்தது. "நல்ல வளமான முடிம்மா" என்று அவர் பாராட்டிவிட்டும் போனார். அந்தக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அடுத்த மாதம் அவள் தங்கைக்குக் கல்யாணம்.

"நீங்க மட்டும் போயிட்டு வாங்க. இந்த எலிவாலுல பூ வச்சிக்கிட்டு நான் வரல."

நான் டிராக்டர் ஓட்டுகிறவன். எட்டாம் வகுப்பை எட்டிப் பார்த்ததோடு சரி. எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் பயிருக்கு அடிப்பதுதான். வாடிய நாற்று பஞ்சகவ்யத்தில் நிமிருதே, முடி நிமிராதா? சாணம், கோமியம், பால், தயிர், நெய் எல்லாம் போட்டுப் புளிக்கவைத்த சரக்கு. அவளுக்குப் போடுமுன் என் தலையில் சோதிக்கலாமென்று தடவிக்கொண்டு, தென்னைமர நிழலில் கட்டிலைப் போட்டுப் படுத்தேன்.

என்ன சுகமான தூக்கம்! மலர் என் தலையை மடியில் வைத்துக் கோதிவிடுகிறாள். இடுப்பு வரை அவள் முடி, அதற்கும் கீழே மடை திறந்த தண்ணீர் மாதிரி கறுகறுவென்று ஓடுகிறது. நாங்கள் இரண்டு பேரும் அதிலேயே மிதந்து கல்யாணத்துக்குப் போகிறோம். கண்ணைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி, நாக்கை நீட்டி என் மண்டையை நக்கிக்கொண்டிருக்கிறது.

வாசம் தாங்காமல் மழித்துக்கொள்ள சலூனுக்கு ஓடினேன். கடை பூராவும் சிரித்தது. கடைமடையார் சிரிக்கவில்லை. "யாருக்காக இந்தச் சோதனை?" என்றார். சொன்னேன். கத்தியை மடக்கி வைத்துவிட்டு, பாதி மழித்த தலையோடு என்னை இழுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

முற்றத்தில் உட்கார்ந்து பவுடர் டப்பாவைக் கேட்டு வாங்கினார். ஒரு முடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"வேர் நுனியில வெள்ளையா பொட்டு தெரியுதா தங்கச்சி? ஒடிஞ்சு விழல, ஓஞ்சு விழுந்திருக்கு. புள்ளயச் சுமந்தப்ப விழ வேண்டியதெல்லாம் நின்னு, இப்ப மொத்தமா விழுது. குறுவ அறுத்த வயலு காலியாத்தான் கெடக்கும். அதுக்காக வயலு செத்துப்போச்சுன்னு யாராச்சும் அழுவாங்களா? சம்பா வரும்ல?"

"எப்ப வரும்ணே?"

"ஆறு மாசமோ, வருசமோ. இழுத்து இறுக்கிப் பின்னாதீங்க. ஆஸ்பத்திரியில ரத்தத்தையும் காட்டிருங்க, சத்து கொறஞ்சிருந்தா மாத்திர தருவாங்க. இந்தப் பய எதக் குடுத்தாலும் தடவாதீங்க."

போகும்முன் முகம் கழுவக் குழாயடியில் குனிந்தார். துண்டு அவிழ்ந்து விழுந்தது. தோள் வரைக்கும் சுருள்சுருளாக முடி இறங்கியது. ஐம்பது வயசுக்கு ஒரு நரை இல்லை. என் கை தானாக என் மண்டையைத் தடவிக்கொண்டது. மலர்தான் கேட்டாள்.

"இத ஏண்ணே மூடி வச்சிருக்கீங்க?"

அவசரமாகத் துண்டைச் சுற்றிக்கொண்டார். "பசியோட வர்றவங்க முன்னால எல போட்டுத் திங்கலாமா தங்கச்சி? வெளிய சொல்லிடாதீங்க."

மலர் சிரித்தாள். இரண்டு மாதத்தில் முதல் சிரிப்பு. ரத்தம் குறைவு என்று ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். கல்யாணத்துக்குத் தளரப் பின்னி, ஒரு முழம் பூவோடு வந்தாள்.

கடைமடையார் பிறகு மகளோடு பேராவூரணிக்குப் போய் அங்கே கடை போட்டுவிட்டார். அது தென்னந்தோப்புச் சீமை. வழுக்கைகளை இப்போது எதோடு ஒப்பிடுகிறார் என்று நினைக்கவே எனக்குப் பயம். அங்கே ஒருநாள் என் மண்டையைக் கொண்டுபோய்க் காட்டினேன். தட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார் பாருங்கள்...

"என்னங்க! தலை குளிச்சிட்டேன், சாம்பிராணி போட வாங்க. ஒருத்தியால புடிக்க முடியல!"

இதோ, மலர் கூப்பிடுகிறாள், போகிறேன். புகைக்கு நடுவே அந்த ஈர முடியில் கைவிட்டால் மணிக்கட்டு வரை மறைந்துபோகிறது. அந்தத் துண்டுக்குள் ஒளித்து வைத்திருந்ததில் பாதியை அவிழ்த்து இவளிடம் கொடுத்துவிட்டுத்தான் அந்த மனிதர் ஊரைவிட்டுப் போனாரோ என்று தோன்றும்.