எழுத மறுத்த டிஸ்க்

“அண்ணா, ஒரு எழுத்துகூட சேவ் ஆகமாட்டேங்குது! நாளைக்குக் காலைல ஆய்வேட்டைக் குடுக்கணும்!”

தங்கை ஃபோனை வைப்பதற்குள் அண்ணன் செருப்பை மாட்டிவிட்டான். குடும்பத்தில் யாருடைய கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் அவன்தான் வைத்தியர். அந்தப் பட்டத்தைத் தனக்குத் தானே சூட்டிக்கொண்டது வேறு விஷயம்.

தங்கை அறை வாசலிலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். மூலையில் அவளுடைய தோழி தன் லேப்டாப்பில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள்.

திரையில் ஓர் எச்சரிக்கை: ‘டிஸ்க்கில் எழுதும்போது பிழை. இனி படிக்க மட்டுமே அனுமதி.’

“இது சும்மா பூச்சாண்டி காட்டுதும்மா. பிழை வந்தாலும் கண்டுக்காம எழுதுன்னு மாத்திட்டாப் போச்சு.”

“ஆபத்து ஒண்ணும் இல்லையே?”

“யார்கிட்ட கேக்கறே?”

மாற்றினான். ‘சேமிக்கப்பட்டது’ என்றது திரை. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு கோப்பைத் திறந்தான். மூன்றாம் அத்தியாயம் முழுக்கக் கேள்விக்குறிகள்.

“என்னண்ணா இது?”

“மட்டமான டிஸ்க்கும்மா. ரிப்பேர் புரோகிராமை ஓட்டினா சரியாயிடும்.”

ஓட்டினான். அது சந்தேகப்பட்ட இடத்தையெல்லாம் வெட்டி எறிந்ததில் கோப்பே காணாமல் போயிற்று.

“பேக்கப் இருக்குல்ல?” என்றான்.

“நீதானே தானா காப்பி ஆகற மாதிரி வெச்சுக் குடுத்தே?”

வைத்துக் கொடுத்தான்தான். அதுவும் சமர்த்தாக, கெட்டுப்போன கோப்பை நல்ல கோப்பின் மேலேயே எழுதி வைத்திருந்தது.

“இதுவும் அந்த டிஸ்க்கோட...” என்று ஆரம்பித்தவன் தங்கையை நிமிர்ந்து பார்த்தான். தங்கை அழக்கூட இல்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. எழுதாதே என்று டிஸ்க் ஒழுங்காகத்தானே சொன்னது? அதன் வாயை அடைத்தது யார்?

“டிஸ்க் மேல தப்பில்லம்மா.” தலையைக் குனிந்துகொண்டான். “அது அப்பவே நிறுத்தச் சொல்லுச்சு. பந்தா காட்டறதுக்காக நான்தான் அதை அடக்கினேன். உன் உழைப்பைக் கெடுத்தது நான்தான். உங்க பேராசிரியர்கிட்ட நானே வந்து சொல்றேன்.”

தங்கை திகைத்துப்போய்த் தோழியைத் திரும்பிப் பார்த்தாள். தட்டும் சத்தம் நின்றது.

“போச்சுடீ!” தோழி தலையில் கைவைத்தாள். “நம்ம ஆய்வேட்டுக்காக டிஸ்க் கெட்ட மாதிரி நடிக்க வெச்சு இத்தனை பேரைச் சோதிச்சோம். ஒருத்தர்கூட தப்பை ஒத்துக்கலை, எல்லாரும் டிஸ்க்கைத்தான் திட்டினாங்கன்னு முடிவுரைகூட எழுதிப் பத்திரமா வெச்சிருந்தேன். உங்கண்ணன் அதையும் அழிச்சிட்டாரே!”