முட்டைக்குள் முடி

"வீட்டை விட்டு வெளிய காலெடுத்து வச்சா அல்பார்ஸ்தி அவளப் பிடிச்சிரும்னு பக்‌ஷி சொல்லிட்டாரு. குறுக்க பேச நீ யாரு?"

"கால் வீங்கி, கண்ணு மங்கி, ரத்த அழுத்தம் ஏறிக் கெடக்கா அக்கா. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலேன்னா தாயும் இல்ல, பிள்ளையும் இல்ல."

துர்சுனாயும் ஊர் மருத்துவச்சி புருலும் வாசலில் போட்ட சத்தத்துக்குப் பாதி ஊர் கூடிவிட்டது. மீதி ஊர் வந்துகொண்டிருந்தது. உள்ளே துர்சுனாயின் மருமகள் பெகிமாய் எட்டு மாத வயிற்றோடு சுவரில் சாய்ந்து கிடந்தாள்.

சும்மாவா? பிள்ளைத்தாய்ச்சியின் ஈரலைப் பிடுங்கும் பேயான அல்பார்ஸ்தியை முட்டைக்குள் அடைக்கும் மந்திரவாதி ஒமுர்பாய் பக்‌ஷி அல்லவா வந்திருக்கிறார்! வீட்டு முட்டையை வயிற்றில் உருட்டி உடைப்பார். உள்ளே பேயின் கறுப்பு முடி கிடக்கும். பிறகு நாற்பது நாள் அவள் படி தாண்டக் கூடாது. கூலி ஓர் ஆடு. முடி வராத முட்டையே கிடையாது. எங்கள் பக்கத்துப் பேய்களுக்கு முடி கொட்டும் வியாதி.

துர்சுனாய் கல்நெஞ்சக்காரி இல்லை. மூத்த மருமகளைப் பிரசவ வலியில் கடைசி நேரத்தில் வண்டியேற்றி, ஆஸ்பத்திரி போகும் வழியில் கணவாயிலேயே பறிகொடுத்தவள். பேய் கொண்டுபோனது என்றார் பக்‌ஷி. தாமதம் கொண்டுபோனது என்றாள் புருல். தாமதம் என்றால் பழி தன் தலையில் விழும். துர்சுனாய் பேயையே நம்பினாள்.

புருல் திடீரென்று அடங்கினாள். முட்டையைத் தானே எடுத்துத் தருவதாகச் சொல்லி அடுப்படிக்குப் போனாள். இவ்வளவு சீக்கிரம் தோற்கிறாளே என்று கூட்டத்துக்கு ஏமாற்றம்.

பக்‌ஷி முட்டையை வாங்கி ஊதினார், துள்ளினார், அகலச் சட்டைக்கை ஆட வயிற்றில் உருட்டினார், கிண்ணத்தில் உடைத்தார். கரு வழிந்தது. நடுவில் சுருண்ட கறுப்பு முடி.

புருல் கிண்ணத்தைத் துர்சுனாயிடம் நீட்டினாள்.

"காலையில மருமவளுக்குன்னு நீங்க அவிச்சு வச்சதுல ஒண்ணத்தான் எடுத்துக் குடுத்தேன் அக்கா. அவிச்ச முட்டை எப்படி ஒழுகுது?"

துர்சுனாய் பக்‌ஷியின் கையைப் பிடித்து உதறினாள். சட்டைக்கைக்குள்ளிருந்து விழுந்த முட்டை உருண்டு, நிலைப்படியில் மோதிப் பிளந்தது. உள்ளே கெட்டியாக வெந்திருந்தது.

முட்டையை மாற்றியது அல்பார்ஸ்திதான் என்று பக்‌ஷி முனகினார்.

"அப்ப அவ ஒங்க சட்டைக்குள்ளதான் குடியிருக்கா. கூட்டிட்டுக் கெளம்புங்க," என்றாள் துர்சுனாய். பிறகு மகனைப் பார்த்து, "வண்டிய எடு," என்றாள்.

பெகிமாய்க்கு ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள். எடை குறைவு, அழுகை மட்டும் ஏராளம். ஒமுர்பாய் கணவாய்க்கு அப்பால் ஒரு விதவையைக் கட்டிக்கொண்டு குடியேறிவிட்டார். அங்கே முட்டை உடைக்க வரும் கூட்டம் இங்கிருந்ததைவிட அதிகமாம். யோசிப்பதற்கு யாரும் ஆடு கேட்பதில்லை. ஆனாலும் நம் ஜனங்களுக்கு அதுதான் கட்டுப்படியாகவில்லை.