எட்வேட் அண்ணைக்குக் கிடைத்த அறுபது புள்ளிகள்

இயேசு, மரி, சூசை துணை

மனோர் பார்க், இலண்டன்
13 ஜூன் 1993, ஞாயிறு

பாசத்திற்கும் மதிப்பிற்கும் உரிய கஸ்பர் மாமா அவர்களுக்கு, மருமகள் பியற்றிஸ் எழுதிக்கொள்வது.

இக்கடிதத்தில் நான் கண்டதையும் கேட்டதையும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாகப் பதிவு செய்வேன். இங்கே அப்பா, அம்மா, அண்ணை, நான் நால்வரும் ஆண்டவர் கிருபையால் சுகம். அப்பாவுக்கு மட்டும் நேற்று மத்தியானத்திலிருந்து சுகம் சற்றுக் குறைவு. காரணம் கீழே வரும். ரொறன்ரோவில் நீங்களும் மாமியும் சுகமாக இருக்க மன்றாடுகிறோம். அக்காவும் அத்தானும் உள்ளதை எழுத மாட்டார்கள், நீதான் எழுத வேண்டும் என்று நீங்கள் எனக்குத் தனியாகக் கேட்டு எழுதியிருந்தீர்கள். உண்மை என்றால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். எட்வேட் அண்ணை உங்கள் பக்கத்துப் பந்தாட்டமான பேஸ்போலில் தேறி செப்ரெம்பரில் உங்களிடம் வந்து சேர்ந்தால், மாடியில் அவருடைய சின்ன அறை எனக்குக் கிடைக்கும். இப்போது நான் முன் அறை சோபாவில் படுக்கிறேன். அப்பா தொலைக்காட்சி பார்த்து முடிக்கும்வரை புத்தகம் வாசிக்க இயலாது. பார்த்து முடித்ததும் விளக்கை அணைத்துவிடுவார், ஆகவே அதற்குப் பிறகும் இயலாது. அந்த அறைக்குக் கதவு உண்டு. சொந்த விளக்கும் உண்டு. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசிக்கவும்.

நீங்கள் ஒழுங்கு செய்த மிஸ்டர் வென்டல், ஒல்லாந்துக்குப் போகும் வழியில், நேற்றுக் காலை பத்து மணிக்கு வந்தார். இளம் ஆட்டக்காரரைத் தேடிப் பிடித்து அளந்து பார்ப்பதே இருபத்தாறு வருடமாகத் தன் தொழில் என்றார். அம்மா கட்லட்டும் ரோல்ஸும் செய்திருந்தார். அப்பா கோட் போட்டு, அண்ணையின் பள்ளிக்கூட ரிப்போட்டுகள் அனைத்தையும் ஒரு ஃபைலில் அடுக்கி, கோயிலில் கொடுத்த முதல் நன்மைச் சான்றிதழை மேலே வைத்திருந்தார். மிஸ்டர் வென்டல் ஃபைலைத் திறக்கவில்லை. அண்ணையை நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார், தோளையும் மணிக்கட்டையும் சப்பாத்தின் அளவையும் பார்த்தார். பிறகு பெற்றோரைப் பார்த்தால்தான் பிள்ளை இன்னும் எவ்வளவு வளரும் என்று தெரியும் என்று சொல்லி, அப்பாவையும் அம்மாவையும் சுவரோடு பக்கத்தில் பக்கத்தில் நிற்கச் சொன்னார். அம்மா வாயைத் திறக்காமலே, "என்னைப் பொம்பிளை பார்க்க வந்தவையே இவ்வளவு பார்க்கேல்லை" என்றார். அப்பா வயிற்றை உள்ளே இழுத்தபடி நான்கு நிமிடம் நின்றார். மணிக்கூட்டைப் பார்த்தே எழுதுகிறேன்.

அதன் பின் எல்லோரும் வான்ஸ்ரெட் ஃபிளாட்ஸ் புல்வெளிக்கு நடந்தோம். மாடியில் வாடகைக்கு இருக்கும் தில்லையம்பலம் மாஸ்டரும் வந்தார். அவர் இப்போது பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தாலும், ஊரில் சாதாரண தரப் பரீட்சைத் தாள் திருத்தியவர். எங்கே பரீட்சை நடந்தாலும் தான் நிற்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. முதலில் அண்ணை அறுபது கஜம் ஓடினார். பிறகு பந்து அடிக்கச் சொன்னார்கள். அண்ணை கிரிக்கெட் பழக்கத்தில் மட்டையை நேராக இறக்கிப் பந்தைக் காலடியில் செத்த மாதிரி நிறுத்தினார். மாஸ்டர் கை தட்டினார். மிஸ்டர் வென்டல் வானத்தைப் பார்த்தார். கடைசியாக எறிதல். அதற்கு அவர் பையிலிருந்து ஒரு துப்பாக்கியை எடுத்தார். அது பந்தின் வேகத்தை அளக்கும் கருவி, இங்கே பொலிஸ்காரர் கார்களைப் பிடிப்பதற்கும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். அதை அவர் அண்ணையின் பக்கம் நீட்டியதும் அம்மா ரோல்ஸ் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அண்ணைக்கு முன்னால் நின்றார். கருவியில் மணிக்கு ஒன்பது மைல் என்று விழுந்தது. அது அம்மாவின் வேகம். ஏன் இப்படி என்று மிஸ்டர் வென்டல் கேட்டார். ஊரில் வந்த பழக்கம் என்று அப்பா ஆங்கிலத்தில் சொன்னார்.

அம்மாவைப் பிடித்து அப்பால் கொண்டுவந்த பிறகு அண்ணை எறிந்தார். பந்து உயரப் போய் விழவில்லை, மாமா. கோடு கீறியது போல் நேரே போனது. எண்பத்திரண்டு மைல். மிஸ்டர் வென்டல் இன்னொரு முறை என்றார், பிறகு இன்னும் ஐந்து முறை என்றார், பிறகு கருவியைக் கைலேஞ்சியால் துடைத்துவிட்டு இன்னொரு முறை என்றார்.

அங்கேயே ஒரு மஞ்சள் படிவம் நிரப்பி அதன் பிரதியை அப்பாவிடம் தந்தார். ஒவ்வொரு திறமைக்கும் இரண்டு எண்கள்: இன்றைக்கு எவ்வளவு, வளர்ந்தபின் எவ்வளவு. ஓட்டம் நாற்பத்தைந்து, ஐம்பது. அடித்தல் இருபது, நாற்பது. எறிதல் நாற்பது, அறுபது. அப்பாவின் முகம் மாறியது. நூற்றுக்கு எடுத்த முதலாம் தவணை, மூன்றாம் தவணைப் புள்ளிகள் என்று நினைத்துவிட்டார். வகுப்பில் கேட்பதுபோல, வரிசையில் எத்தனையாம் பிள்ளை என்று கேட்கச் சொன்னார், நான் மொழிபெயர்த்தேன். இன்று ஒருவரைத்தானே பார்த்தேன் என்றார் மிஸ்டர் வென்டல். "அப்ப கடைசிப் பிள்ளையும் இவர்தான்" என்று தமிழில் சொல்லிவிட்டு அப்பா ஆங்கிலத்தில் நன்றி சொன்னார்.

வீடு திரும்பும் வழியில் நான் மிஸ்டர் வென்டலிடம் விபரம் கேட்டு எழுதிக்கொண்டேன். அவர்களுடைய கணக்கு இருபதில் தொடங்கி எண்பதில் முடிகிறது. ஐம்பது என்றால், அங்கே உச்சத்தில் காசுக்கு ஆடுபவர்களில் நடுத்தரம். இதை நேற்று மட்டும் நான்கு தரம் அப்பாவிடம் சொன்னேன். "எந்த நாட்டிலையடி ஐம்பது நல்ல மாக்ஸ்?" என்றார். மாஸ்டரோ, இருபது பெயிலான எஃப், மற்றதெல்லாம் வெறும் எஸ்ஸும் சியும், தேடினாலும் உச்சத் தரமான ஒரு டி இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். பேப்பரில் பெயர் எழுதினதுக்கே இருபது போடுகிறான் போல என்றும் சொன்னார். இருபதில் உள்ள இரண்டை எட்டாக்க ஒரு கோடு போதாதா என்று அப்பா கேட்டார். போதும், ஆனால் ஒரு பரீட்சகராகத் தன் கையால் அதைச் செய்ய ஏலாது என்றார் மாஸ்டர். ஆகவே படிவத்தைத் திரும்பத் திருத்தித் தரும்படி மிஸ்டர் வென்டலுக்கு ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுத முடிவானது. எழுதும் பொறுப்பு எனக்கு.

இன்று பூசை முடிந்து வந்து விண்ணப்பத்துக்கு உட்கார்ந்தோம். காரணம் காட்ட வேண்டுமென்றால் முதலில் கணக்கைக் காட்ட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததால், மாஸ்டர் பென்சில் எடுத்து, இருபதிலிருந்து எண்பது வரை ஒரு மலை மாதிரிக் கோடு கீறி, அறுபதில் புள்ளி வைத்தார். பென்சில் அங்கேயே நின்றது. அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"யேசு, உவன் பெயில் இல்லை. அங்கை ஆடுற பெரிய ஆக்களிலையே கனபேரை விடத் திறமாய் எறிவான் எண்டெல்லோ அந்த மனுசன் எழுதியிருக்கிறான்."

அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். அம்மாவைக் கூப்பிட்டு இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு சிரிப்பு மெதுவாக நின்றது.

"அப்ப உண்மையாய்க் கூப்பிடுவினமோ?"

"கூப்பிடாமல்?" என்றார் மாஸ்டர்.

அப்பா போய் மாடிப்படியில் உட்கார்ந்தார். "நான் மாக்ஸுக்குத்தானே சண்டை பிடிச்சனான். அனுப்புறதுக்கில்லையே" என்றார். "கூடப்பிறந்ததுகளிலை பரிஸிலை ஒருத்தி, ஜேர்மனியிலை ஒருத்தன், மச்சான் கஸ்பர் அங்கை. எனக்கெண்டு இந்த வீட்டுக்குள்ளை மிஞ்சினது நாலு பேர்." நேற்று இரண்டை எட்டாக்கச் சொன்னவர், இன்று ஆறை மூன்றாக்க வழியுண்டா என்று மாஸ்டரைக் கேட்டார். ஆறை எட்டாக்கலாம், மூன்றாக்க ஏலாது என்றார் மாஸ்டர்.

அண்ணையிடமும் கேட்டார்கள். "எனக்குப் பரவாயில்லை" என்றார். அவர் எதற்கும் சொல்லும் பதில் அதுதான். ஆனால் உண்மையைப் பதிவு செய்யச் சொன்னீர்கள்: மிஸ்டர் வென்டல் விட்டுப்போன தோல் கையுறைக்கு அம்மாவின் தலை எண்ணெயைப் பூசி, நடுவில் பந்தை வைத்துக் கட்டி, அதைத் தலையணைக்குக் கீழே வைத்துத்தான் நேற்றிரவு அண்ணை படுத்தார். அவருடைய காது இன்னும் மினுங்குகிறது.

மாமிக்கு எங்கள் அன்பைச் சொல்லுங்கள். தேவதாய் உங்கள் இருவரையும் பனியிலிருந்தும் வழுக்கலிலிருந்தும் காப்பாராக.

இப்படிக்கு,
உண்மையுள்ள மருமகள்
பியற்றிஸ்

பி.கு.: அப்பா இப்போது வந்து, இக்கடிதத்தில் எண்கள் உள்ள பக்கத்தை மட்டும் எடுத்து இரண்டு முறை வாசித்தார். கிழிப்பார் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. "பெடியன் போனால் அந்த அறையிலை ஆர் படுக்கிறது?" என்று கேட்டார். உண்மை சொல்வதாக மேலே வாக்குக் கொடுத்திருக்கிறேன். நான் என்றேன். "அப்ப நீ எழுதினது ஒண்டையும் நம்பேலாது" என்று சொல்லி, அந்தப் பக்கத்தை மற்றப் பக்கங்களோடு சேர்த்து மடித்து, கவருக்குள் தானே வைத்தார். இதைக் கவரின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் மன்னிக்கவும், விளக்கு அணைக்கப்பட்டுவிட்டது.