நான்காவது பொம்மை குறித்த விசாரணை

மனித குல வரலாற்றில் நெருப்பு, சக்கரம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகச் சொல்லத்தக்க மகத்தான கண்டுபிடிப்பு 'வெளிநாட்டு நிபுணர்' என்பது என் தாழ்மையான கருத்து. ஓர் ஊரில் வேலை கிடைக்காத மனிதரைக் கூலி குறைந்த இன்னொரு நாட்டில் கொண்டுபோய் இறக்கினால் போதும். விமானச் சக்கரம் தரையைத் தொடும் நொடியில் அவர் நிபுணராகிவிடுகிறார். செலவு ஒரு பயணச்சீட்டு. மெக்சிகோவின் சல்தீயோ நகரில் கார்களுக்கு ஒயர்க் கட்டுகள் தயாரிக்கும் எங்கள் ஆலையில் இருபத்தாறு ஆண்டுகளாகப் பணியாளர் துறையைக் கவனிக்கும் நான், இந்த அதிசயத்தை ஐந்து முறை கண்ணால் பார்த்தவன். ஆகவே ஆதாரத்தோடு பேசுகிறேன்.

ஐந்தாவது நிபுணர் திரு. டுவைட் கெஸ்லர். ஒஹையோவில் ஒரு மெத்தைக் கடையில் கிளை மேற்பார்வையாளராக இருந்தவர். கடையை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு பதினெட்டு மாதம் அங்கே அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அவ்வளவு பெரிய திறமைக்கு ஒஹையோவில் இடம் போதவில்லை. எங்கள் தலைமையகம் அவரைப் 'பண்பாட்டு ஒருங்கிணைப்பு மற்றும் செயல்மேன்மை இயக்குநர்' ஆக்கி அனுப்பி வைத்தது. விண்ணப்பத்தில் 'மெக்சிகோவில் கள அனுபவம்' என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரிகள் இருந்தன. இரண்டும் கான்குன் கடற்கரையில் கழித்த விடுமுறைகள்.

அவருடைய ஒப்பந்தத்தைக் கோப்பில் சேர்த்தவன் நான். கோல்ஃப் மைதானத்தை ஒட்டி வீடு, கார், ஓட்டுநர், ஆண்டுக்கு இரண்டு முறை சொந்த ஊர் போய்வர விமானச் செலவு, நாய்க்கு இடமாற்றப் படி. எல்லாவற்றுக்கும் மேலே 'கஷ்டப்படி' என்று ஒன்று. சல்தீயோவில் வசிக்க நேர்வதற்கான ஈடு அது. பிறந்ததிலிருந்து நான் அதே கஷ்டத்தை இலவசமாகப் பட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது அந்தக் காகிதத்தைப் படித்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

நிபுணருக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் வேலை இன்ஜினியர் ஒதிலியா செபேதாவிடம் ஒப்படைக்கப்பட்டது. இதைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது, ஏனென்றால் அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அதே வேலையை 'பொறுப்பு' என்ற பெயரில் பார்த்தவர் அவர்தான். தொள்ளாயிரம் தொழிலாளர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். எந்த இயந்திரம் திங்கட்கிழமை மக்கர் பண்ணும் என்று ஞாயிற்றுக்கிழமையே சொல்வார். சம்பளம் நிபுணருடையதில் ஏழில் ஒரு பங்கு. நிபுணர் அவரை அன்போடு 'டில்லி' என்று அழைத்தார். முழுப் பெயரைச் சொல்வது ஒப்பந்தத்தில் இல்லை.

ஆனால் இன்ஜினியரம்மாவுக்கு ஒரு நல்ல காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆலை மேலாளர் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி ஒதிலியாவுக்கு என்று தலைமையகத்திலிருந்து கடிதமே வந்துவிட்டது. ஜனவரி பதினைந்தாம் தேதி நியமனம். 'அதுவரை அசம்பாவிதம் எதுவும் நேராத பட்சத்தில்' என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரியை அவர் பொருட்படுத்தவில்லை. மூத்த மகளை மான்தெர்ரேயில் மருத்துவம் படிக்கச் சேர்த்துவிட்டார்.

"அவருக்கு ஸ்பானிஷ் எவ்வளவு தூரம் வந்திருக்கு, தோன் அன்செல்மோ?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். 'தோன்' என்பது எங்கள் ஊர் 'ஐயா'.

"'இன்னொரு பீர்' வரைக்கும் வந்திருக்கு, இன்ஜினியரம்மா."

"அது கான்குன்லயே வந்தாச்சு. இங்க வந்தப்புறம் என்ன வந்துச்சு?"

"'பில்லை டில்லிகிட்ட குடு.'"

ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள். அன்று எங்கள் அலுவலகங்களில் வளைய ரொட்டி வெட்டுவோம். உள்ளே சுண்டுவிரல் அளவு பிளாஸ்டிக்கில் குழந்தை ஏசு ஒளிந்திருப்பார். யார் துண்டில் வருகிறாரோ அவர் பிப்ரவரி இரண்டாம் தேதி எல்லோருக்கும் தமாலே வாங்கித்தர வேண்டும். மக்காச்சோள மாவுக்குள் பன்றிக்கறி வைத்துத் தோகையில் சுற்றி அவித்த சமாசாரம். எங்கள் ஆட்கள் ஆளுக்கு நாலு என்று சொல்லிவிட்டு ஏழு தின்பார்கள். ஆகவே, பொம்மை வந்தவர் வராததுபோல் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வதும் எங்களிடம் அதே அளவு புனிதமான வழக்கம்.

அந்த வருட ரொட்டியை ஒதிலியாதான் பேக்கரியில் சொல்லி வைத்திருந்தார். மீட்டிங் அறையில் பதினாலு பேர். மூன்றாவது துண்டு என்னுடையது. முதல் கடியிலேயே குழந்தை ஏசு என் கடைவாய்ப் பல்லில் வந்து மோதினார். அவரை இடது கன்னத்தில் தங்கவைத்து, சாக்லேட் குடித்து, குளிரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசி, மூக்கு சிந்துவதுபோல் கைக்குட்டைக்கு மாற்றி, கால்சட்டைப் பைக்குள் அனுப்பினேன். ஏழு ஆண்டுகளாக இதைப் பிழையில்லாமல் செய்துவருகிறேன். ஒளிவுமறைவின்றி இங்கே ஒப்புக்கொள்கிறேன். அங்கே ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்து கணக்கர் இலாரியோவுக்கு ஒரு பொம்மை வந்தது. அவர் அப்பாவி, கையில் எடுத்துக் காட்டிவிட்டார். அதற்கடுத்து நிபுணர் கடித்தார். 'கடக்' என்று கேட்டது. அவர் வாயிலிருந்து ஒரு குட்டிக் கால் எட்டிப் பார்த்தது.

"தமாலே! தமாலே!" என்று எல்லோரும் கைதட்டினோம்.

நிபுணர் அதை அபாய அறிவிப்பு என்று புரிந்துகொண்டார். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "யாரும் அசையக் கூடாது! யாரும் விழுங்கக் கூடாது!"

ஒதிலியா சிரித்துக்கொண்டே சொன்னார். "பயப்படாதீங்க, மிஸ்டர். அது குழந்தை ஏசு."

"ரொட்டிக்குள்ளயா? எப்படிப் போனாரு?"

"பேக்கரிக்காரம்மா வெச்சாங்க."

"தவறிப்போயா?"

"இல்ல, வேணும்னேதான்."

நிபுணர் குறிப்பேட்டை எடுத்து 'வேண்டுமென்றே' என்று எழுதி இரண்டு கோடு போட்டார். "இதுல மொத்தம் எத்தனை இருக்கு?"

"நாலு."

மிச்ச ரொட்டியைப் பிய்த்தார்கள். அதில் ஒன்று கிடைத்தது. இலாரியோவிடம் ஒன்று, நிபுணர் வாயில் ஒன்று. மொத்தம் மூன்று.

எங்கள் ஆலையில் ஒரு விதி உண்டு. கத்தி முனை உடைந்தாலும், திருகாணி காணாமல் போனாலும், அது கிடைக்கும் வரை ஒரு பெட்டி சரக்கும் வெளியே போகக் கூடாது. நல்ல விதி; எழுதியது ஒதிலியாதான். அதை நிபுணர் படித்திருந்தார் என்பது அன்று எல்லோருக்கும் ஆச்சரியம். பத்தே நிமிடத்தில் ஆறு உற்பத்தி வரிசைகளும் நின்றன. பதினெட்டு லாரிகள் வாசலில் நின்றன.

"நாலாவது இந்த அறையிலதான் யார்கிட்டயோ இருக்கு. தமாலே வாங்கப் பயந்துகிட்டு ஒளிச்சு வெச்சிருக்காங்க. எல்லாரும் பண்றதுதான், இது எங்க வழக்கம்" என்றார் ஒதிலியா.

"ஒளிச்சு வெக்கிறது வழக்கமா?" நிபுணரின் முகம் வெளுத்துவிட்டது. "டில்லி, பண்பாட்டு ஒருங்கிணைப்புல இருபது வாரமா இருக்கேன். இப்படி ஒரு வழக்கத்தை யாரும் என்கிட்ட சொன்னதில்ல!"

தலைமையகத்தோடு அவசர வீடியோ கூட்டம் நடந்தது. நிபுணர் 'உணவுவழி ஊடுருவல்' என்ற புதிய சொல்லைப் பயன்படுத்தினார். திரையில் ஒன்பது பேர் அதைக் குறித்துக்கொண்டார்கள். மெக்சிகோவின் இதயத்துடிப்பை அறிந்த ஒருவர் அங்கே இருப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று துணைத்தலைவி ஒருவர் நெகிழ்ந்தார். உடனே விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. பொம்மையைத் தேடுவதற்கு நேர்மையும் அனுபவமும் வாய்ந்த ஒருவர் தலைமை தாங்க வேண்டும் என்று முடிவாயிற்று. என்னை நியமித்தார்கள்.

நான் தேடினேன். குப்பைக் கூடைகளைக் கவிழ்த்தேன். பதினாலு பேரிடம் தனித்தனியாக வாக்குமூலம் வாங்கினேன். என்னுடையதை நானே கேட்டு, நானே எழுதி, நானே சாட்சிக் கையெழுத்தும் போட்டேன். உலோகம் கண்டுபிடிக்கும் கருவியால் அனைவரையும் சோதித்தோம். பிளாஸ்டிக்குக்கு அது கத்தாது என்று இலாரியோ சுட்டிக்காட்டியபோது, அவருடைய எதிர்மறை மனப்பான்மையைத் தனிக்குறிப்பாகச் சேர்க்கச் சொன்னார் நிபுணர். விழுங்கியிருந்தால் மூன்று நாளில் 'இயற்கையான வழியில்' வெளிவரும் என்று ஒரு யோசனை வந்தது. அதற்கு ஒரு உபகுழு தேவைப்பட்டது. அதில் சேர எவரும் முன்வரவில்லை என்பதை மட்டும் வருத்தத்தோடு தெரிவிக்கிறேன்.

நான்காம் நாள் இலாரியோ ஒதிலியாவின் மேஜைக்குப் போனார். நானும் அங்கே இருந்தேன்.

"இன்ஜினியரம்மா, பேக்கரிக்குப் போனா கைநிறைய பொம்மை தருவாங்க. ஒண்ண எடுத்துட்டு வந்து மேஜைக்கடியில போட்டுடுவோம். கிடைச்சிடுச்சுன்னு சொல்லுவோம். லாரி கிளம்பிடும், உங்களுக்கு நாற்காலி வந்துடும்."

"கிடைக்காததைக் கிடைச்சுதுன்னு எழுதி நான் கையெழுத்துப் போடணுமா?"

"பொம்மைதானே!"

"இன்னிக்கு பொம்மை, நாளைக்கு கத்தி முனை. யாராவது பிரேக் போடறப்ப ஒயர் அறுந்துபோச்சுன்னா? அந்த விதியை நான்தான் எழுதினேன், இலாரியோ. எனக்காக நானே அதை மீற மாட்டேன். வெச்சிருக்கறவங்க தானா வந்து குடுப்பாங்க. நம்ம ஆளுங்க அவ்வளவு மோசம் இல்ல."

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. அதற்காக நான் நன்றியோடு இருந்தேன்.

அன்று மாலை நான் நிபுணரின் அறை வாசல்வரை போனது உண்மை. கை கால்சட்டைப் பைக்குள்தான் இருந்தது. ஆனால் அதற்குள் அது தமாலே விவகாரமாக இல்லை. பதினெட்டு லாரி, ஆறு வரிசை, ஒன்பது அதிகாரிகள், பொய்யான ஒரு வாக்குமூலம், அதில் சாட்சிக் கையெழுத்து. எனக்கு வயது ஐம்பத்தெட்டு. நிபுணர் கதவைத் திறந்து, "என்ன, அன்செல்மோ?" என்றார்.

"உங்க நாய்க்குக் குளிர் ஒத்துக்கிதான்னு கேக்க வந்தேன், சார்."

"ரொம்பக் கஷ்டப்படுது," என்றார். நான் அதையும் கோப்பில் குறித்துக்கொண்டேன்.

பதினைந்தாம் தேதி தீர்ப்பு வந்தது. ஊடுருவலைத் தன் பற்களாலேயே கண்டுபிடித்த திரு. கெஸ்லர் ஆலை மேலாளராக உயர்த்தப்படுகிறார். கஷ்டப்படியோடு இனி 'அபாயப்படி'யும் உண்டு. பொம்மை பற்றி ஒதிலியா எழுதித்தந்த மூன்று பக்க விளக்கம் 'மெக்சிகோ: ஒரு நிபுணரின் பார்வை' என்ற தலைப்பில் எல்லா ஆலைகளுக்கும் அனுப்பப்படும். கீழே கெஸ்லரின் பெயர். இன்ஜினியர் ஒதிலியா செபேதா, அந்நியப் பொருளை வளாகத்துக்குள் கொண்டுவரக் காரணமானவர் என்பதால், பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார். நான்காவது பொம்மை 'ஏற்கத்தக்க இழப்பு' என்று வகைப்படுத்தப்பட்டு, லாரிகள் அன்று பிற்பகலே கிளம்பின.

விடுவிப்புக் காகிதங்களில் கையெழுத்து வாங்க வேண்டியவன் நான். ஒதிலியா வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு பக்கமாகப் படித்து, நிதானமாகக் கையெழுத்திட்டார். இரண்டாம் பக்கத்தில் என் எழுத்துப் பிழை ஒன்றைத் திருத்தியும் கொடுத்தார்.

"உங்க இடத்துக்கு விளம்பரம் போகுது, இன்ஜினியரம்மா. வெளிநாட்டு அனுபவம் கட்டாயமாம்" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"போகட்டும். எனக்கு ஒண்ணு சொல்லுங்க, தோன் அன்செல்மோ. பல்லு வலிக்குதா?"

"எனக்கா? இல்லையே."

"மூணாவது துண்டு உங்களுது. கடிச்சதும் இடது கன்னம் உப்பிடுச்சு. சாக்லேட்டை வலப்பக்கமாவே சாய்ச்சுக் குடிச்சீங்க. நான் எதிர்லதான் உக்காந்திருந்தேன்."

என் காது மடல் கொதித்தது. வெட்கமாக இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. "அப்புறம் ஏன் சொல்லல?"

"சொல்லிருந்தா என் வேலை தப்பிச்சிருக்கும், உங்க வேலை போயிருக்கும். இந்த வயசுல இந்த ஊர்ல உங்களுக்கு யாரு வேலை குடுப்பா? நீங்களே போய்ச் சொன்னா மன்னிப்பாவது கேக்கலாம்னு நெனச்சேன். ஒம்பது நாள் காத்திருந்தேன்." அவர் பேனாவை மூடி என் பக்கம் நகர்த்தினார். "கெஸ்லர் மேல எனக்குக் கோபமே இல்ல. அந்த ஆளுக்கு நம்ம ஊரைப் பத்தி ஒண்ணும் தெரியாது, தெரியாம இருக்கறதுக்கு டாலர்ல வாங்குறாரு. உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருக்கறதுக்கு உங்களுக்கு எவ்வளவு தர்றாங்க?"

சம்பளம் பற்றி யார் கேட்டாலும் சரியான விவரத்தைத் தருவது பணியாளர் துறையின் கடமை. இருபத்தாறு ஆண்டுகளில் அந்தக் கடமையில் நான் தவறியதில்லை. கோப்பைத் திறந்து, ஒருமுறை சரிபார்த்துவிட்டு, சொன்னேன்.

"மாசம் இருபத்தோராயிரம் பேசோ, இன்ஜினியரம்மா. பிடித்தம் போக."