ஆமோதித்த குரல்

உயிரோடிருப்பவர்களையும் இறந்துபோனவர்களையும் ஒரே கூட்டத்துக்கு அழைத்து வாக்கெடுப்பில் வென்ற மனிதர், நான் அறிந்தவரை, உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் தீவில் அவருக்குப் பெயர் பிரேரணை அண்ணை.

கொழும்புத் துறைமுகத்தில் சில காலம் மூட்டை சுமந்தவர். திரும்பி வரும்போது தொழிற்சங்கக் கூட்டங்களின் பாஷையையும் கொண்டுவந்துவிட்டார்.

"மத்தியானம் மீன்குழம்பு வைக்கவேணும் எண்டு பிரேரிக்கிறன். ஆர் ஆமோதிக்கிறியள்?" என்று குசினி வாசலில் நின்று தமக்கையிடம் கேட்பார். தமக்கை அகப்பையை ஓங்குவாள். "எதிர்ப்பு ஒண்டு" என்று கொப்பியில் குறித்துக்கொள்வார்.

அறுபதுகளின் தொடக்கம். பாடசாலையை அரசாங்கம் பொறுப்பேற்றிருந்தது. எல்லாப் பிள்ளைகளும் சமம் என்பது சட்டம். எங்கள் வகுப்பிலோ மற்றவர்கள் இருக்க மரவாங்கு. பனை சீவும் குடும்பங்களின் பதினொரு பிள்ளைகளுக்குத் தரை. கதவிலிருந்து எண்ணினால் நான் ஏழாவது.

பிரேரணை அண்ணை பெற்றார் சங்கம் தொடங்கினார். கூட்டத்துக்கு இடம் தேடினார். பாடசாலை மண்டபம்: ஏலாது. கோயில் மடம்: ஏலவே ஏலாது. வாசிகசாலை: பூட்டின் திறப்பைக் காணவில்லை. மிஞ்சியது சுடலை. நேரம், ஞாயிற்றுக்கிழமை உச்சிப் பொழுது. பனைகளுக்குச் சொந்தக்காரரான காணிக்காரர் உண்டுவிட்டு உறங்கும் வேளை அதுதான்.

உச்சியில் சுடலைப் பக்கம் நாய்கூடப் போகாது. அம்மாவோடு நானும் போனேன். காற்று இல்லை; ஆனால் பனையோலைகள் சரசரத்தன. முதல்நாள் சாம்பல் இன்னும் சுட்டது.

"எங்கட பிள்ளையளுக்கும் வாங்கு வேணும் எண்டு கல்விக் கந்தோருக்கு மனு அனுப்பப் பிரேரிக்கிறன். ஆர் ஆமோதிக்கிறியள்?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆமோதித்தவரின் பெயர் மாலைக்குள் காணிக்காரரின் காதுக்குப் போய்விடும். மறுநாள் ஏறுவதற்குப் பனை இராது.

மூன்று கூட்டங்கள் இப்படியே கலைந்தன. நாலாவதில், ஒருவரும் நில்லாத பூவரசுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஆமோதிக்கிறன்."

வந்திருந்த பத்தொன்பது பெரியவர்களில் ஆறு பேர் ஓடினார்கள். அண்ணை பேனையை எடுத்தார்.

"பேரைச் சொல்லுங்கோ. அறிக்கையில எழுதவேணும்."

"அண்ணை, அது பேய்!" என்று ஒருவர் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"இருக்கட்டுமேன். பெற்றார் எவரும் ஆமோதிக்கலாம் எண்டுதான் விதி. உசிரோட இருக்கவேணும் எண்டு எங்கை கிடக்கு?"

அம்மா என் கையை இறுக்கினாள். பனையால் விழுந்து செத்த, என்னைப் பெற்ற அப்புவை அந்தப் பூவரசுக்குப் பக்கத்தில்தான் எரித்திருந்தார்கள்.

"எனக்கு அந்தக் குரல் தெரியும்" என்றாள் மெதுவாக. பிறகு எழும்பினாள். "செத்த மனுசனே வாய் திறக்குது. நானும் ஆமோதிக்கிறன், அண்ணை."

வாக்கெடுப்பு நடந்தது. நின்றவர்கள் அண்ணையோடு பதின்மூன்று பேர். உயர்ந்த கைகள் பதினான்கு. ஒருவரும் இரண்டு கை தூக்கவில்லை. நான் தூக்கவே இல்லை. மூன்று முறை எண்ணினேன். இன்று படவரைஞராக வேலை பார்க்கிறேன். அந்தக் கணக்கு மட்டும் இன்னும் சரிவரவில்லை.

மனுவில் பயமின்றிக் கையெழுத்திட்டவர் சங்கச் செயலாளரான அண்ணை ஒருவர்தான். இரண்டு மாதத்தில் ஊர்காவற்றுறையிலிருந்து படகேறி ஓர் உத்தியோகத்தர் வந்தார். எங்கள் வகுப்பில் நின்று அண்ணையைப் பார்த்தார்.

"பெற்றார்தான் முறைப்பாடு செய்யலாம். இதிலை உம்முடைய பிள்ளை எது?"

தலைமையாசிரியர் சிரித்தார். "இவருக்கு ஏது ஐயா பிள்ளை? கலியாணமே முடிக்கேல்லை."

உத்தியோகத்தர் மனுவை மடிக்கத் தொடங்கினார். பிரேரணை அண்ணை கொப்பியைப் புரட்டி விதியைத் தேடினார்.

நான் தரையிலிருந்து எழும்பிப் போய் அவருடைய சுண்டுவிரலைப் பிடித்தேன்.

"உம்முடைய மகளோ?"

அவர் குனிந்து என்னைப் பார்த்தார். "ஓம்" என்றார். அவ்வளவு சின்னக் குரல் அவரிடம் இருந்தது எனக்குத் தெரியாது.

தலைமையாசிரியர் குறுக்கிடுமுன் உத்தியோகத்தர் எங்கள் இருவரின் பெயரையும் தகப்பன், மகள் என்று ஒரே வரியில் எழுதினார். அடுத்த கிழமை பதினொரு பேரும் வாங்கில் இருந்தோம்.

வரைபடத்தில் ஒரு பிழையான கோட்டைக்கூட நான் விட்டுவைப்பதில்லை. அந்த ஒரு வரியை மட்டும் திருத்தும்படி இன்றுவரை எவரிடமும் நான் கேட்டதில்லை.