உறிஞ்சி மாஸ்டரும் கடுகுச் சிலந்தியும்

கல்முனையில் எல்லாரும் எதையாவது தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். மீன், மாப்பிள்ளை, அரபு நாட்டு விசா. ஆனால் கடுகு அளவுச் சிலந்தியைத் தேடிக் குனிந்தே முதுகு வளைந்த மனிதர் இந்தக் கரையில் மட்டுமல்ல, உலகத்திலேயே உறிஞ்சி மாஸ்டர் ஒருவர்தான். இல்லை என்பவர்கள் வேறு ஆளைக் காட்டட்டும்.

எண்பதுகளின் தொடக்கம். மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தார். மற்ற நேரமெல்லாம் வாயில் ஒரு ரப்பர் குழாய் இருக்கும். அதன் மறுமுனையில் கண்ணாடிக் குழாய், நடுவில் மெல்லிய துணி. சிலந்திக்கு நேரே பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் அது கண்ணாடிக்குள் வந்து விழும். தூரத்தில் பார்த்தவர்கள், மாஸ்டர் வரம்பில் குந்தியிருந்து கஞ்சா இழுக்கிறார் என்றார்கள். கிட்டப் போய்ப் பார்த்தவர்கள் அதைவிட மோசமாகச் சொன்னார்கள்.

மற்றக் கையில் முகத்துக்குப் பூசும் பவுடர் டின். தூவினால்தான் கண்ணுக்குத் தெரியாத வலை வெள்ளையாகத் தெரியும். மாஸ்டரின் மனைவி அயல் வீடுகளில் சொல்லித் திரிந்தார்: "இந்த மனிசன் வாங்காத பவுடர் இல்ல. என்ட முகத்துக்கு ஒரு துளி வந்திச்சா எண்டு கேளுங்க. எல்லாம் சிலந்திர வீட்டுக்கு வெள்ளையடிக்கத்தான்."

ஒரு ரமழானில் மாஸ்டர் பள்ளிவாசலுக்குப் போய் மௌலவியிடம், நோன்போடு சிலந்தி உறிஞ்சலாமா என்று கேட்டார்.

"வாய்க்குள்ள போகுமா?"

"போகாது. துணி தடுத்திரும்."

"ருசி ஏதும் தெரியுமா?"

"பவுடர் ருசி கொஞ்சம் தெரியும்."

மௌலவி கண்ணை மூடிக்கொண்டார். "நோன்பு முடியுமட்டும் அதுகள் எங்க பொயிடப் போகுது மாஸ்டர்?"

"நூலை விட்டுக் காத்தில பறந்து பொயிடும்."

"பறந்தாப் பறக்கட்டும். நோன்பு துறந்திட்டுப் புடிங்க."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வயல்களுக்கு எண்ணெய் அடிப்பது என் தொழில். பூச்சிமருந்தை எங்கள் பக்கம் எண்ணெய் என்போம். நான் அதிகம் கதைக்கிறவன் அல்ல. அதனால் மாஸ்டர் என்னோடு நிறையக் கதைத்தார். அவர் தேடும் குடும்பத்துச் சிலந்தி வட்ட வலை பின்னாதாம். நெல்லின் அடியில், தண்ணீருக்குச் சற்று மேலே, நெல் காயப்போடும் படங்குச் சீலையை விரித்தாற்போல் ஒரு வலை விரித்து, அதன் கீழே தலைகீழாகத் தொங்குமாம். அப்படி ஒரு பெண் சிலந்தியைப் பிடித்து, கண்டியில் சிலந்தி ஆராயும் ஒரு பேராசிரியருக்கு அனுப்பியிருந்தார். ஆண் இல்லாமல் இனம் சொல்ல முடியாது என்று பதில் வந்தது.

"ஆணுக்கு முகத்துக்கு முன்னால ரெண்டு சின்னக் கை இரிக்கி தம்பி. நுனி பொத்தின கை மாதிரி வீங்கி இரிக்கும். அந்த வளைவு நெளிவைப் பார்த்துத்தான் இனம் பிரிக்கிற."

அந்தப் பேராசிரியர் கலியாண வீட்டுக்குப் போனாலும் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கமாட்டாராம், கையைத்தான் பார்ப்பாராம்.

"பேர் தெரியாட்டி என்ன மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"பேர் தெரியாத ஒண்டை எப்பிடித் தம்பி விசாரிக்கிற?"

தேநீர்க்கடையில் அவரை விடமாட்டார்கள். "ஊரெல்லாம் புள்ளைக்கு மாப்பிள்ளை தேடுது, நம்மட மாஸ்டர் சிலந்திக்குத் தேடுறார். சீதனம் என்ன மாஸ்டர், வீடும் வளவுமா?"

"வீடு அதுவே கட்டிரும்," என்பார் மாஸ்டர், சிரிக்காமல்.

அந்தப் பெண் சிலந்தி நாவிதன்வெளிப் பக்கம் நிலபுலமுள்ள ஒரு போடியாரின் வயலில், வரம்பு சூழ்ந்த ஒரேயொரு வரவைத் துண்டில்தான் இருந்தது. அந்தப் போகத்தில் வயலில் அறக்கொட்டி விழுந்தது. அது நெல்லின் அடியில் இருந்து சாறு குடித்து, பயிரை எரிந்ததுபோல் ஆக்கிவிடும் பூச்சி. போடியார் என்னைக் கூப்பிட்டார். நான் முதுகில் சுமந்து அடிக்கும் டாங்கியை வரம்புப் புல்லில் வைத்துவிட்டு எண்ணெய் கலக்கும்போது மாஸ்டர் சைக்கிளில் மூச்சிரைக்க வந்தார்.

"போடியார், இந்த வரவையை மட்டும் விட்டிருங்க. எண்ணெய் பட்டா எல்லாம் செத்திரும். எனக்கு ஆண் இன்னும் கிடைக்கல்ல."

"உங்களுக்கு ஆண் கிடைக்கல்ல எண்டு என்ட நெல்லு சாகணுமா?"

வெயில் ஏறும்வரை இப்படியே போனது. கடைசியில் போடியார் இளகினார். அவர் ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்.

"மாஸ்டர், குகை வாசல்ல வலை கட்டி நம்மட நபியைக் காத்த சிலந்தி இரிக்கே, இது அதுட குடும்பம்தானே? அப்பிடியெண்டா நான் கை வைக்க மாட்டன்."

கூலிக்கு வந்தவர்கள் எல்லாரும் மாஸ்டரின் வாயைப் பார்த்தோம். ஓம் என்று ஒரு சொல். அவ்வளவுதான் வேண்டும்.

மாஸ்டர் குழாயை வாயிலிருந்து எடுத்தார். "அதை நான் பார்க்கல்லயே போடியார். பார்க்காததுக்குக் குடும்பம் சொல்ல ஏலாது."

"ஓம் எண்டு சொன்னா என்ன குறைஞ்சு போகும்?" என்று நான்கூடக் கேட்டுவிட்டேன். அவர் தலையை ஆட்டினார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

போடியார் முகம் சிவந்து என் பக்கம் திரும்பினார். "அப்ப எண்ணெயை அடி மனே."

நான் மனமில்லாமல் டாங்கியைத் தூக்கி முதுகில் கட்டினேன்.

"தம்பி, அசையாதீங்க," என்றார் மாஸ்டர்.

குழாயோடு என் கழுத்தடிக்கு வந்து ஒரு இழுப்பு இழுத்தார். அத்தனை பேருக்கும் முன்னால் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தவர் அப்படியே சேற்றில் குந்திவிட்டார். முகத்துக்கு முன்னால் வீங்கிய இரண்டு கைகள். ஆண் சிலந்தி பெண்ணைத் தேடி அலையுமாம். புல்லில் கிடந்த டாங்கியில் ஏறி என் தோளுக்கு வந்திருக்கிறது.

போடியாரும் வாங்கிப் பார்த்தார். "இதுட சாப்பாடு என்ன மாஸ்டர்?"

"அறக்கொட்டிக் குஞ்சுதான்."

"யா அல்லாஹ். இதை ஏன் முதல்லயே சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்லயே."

போடியார் தலையில் கையை வைத்துக்கொண்டு வரம்பில் குந்தினார். அன்றைக்கு அந்த வரவையை விட்டு, பாதி வயலுக்குத்தான் எண்ணெய் அடித்தோம்.

மாஸ்டர் அதைச் சிறு போத்தலில் போட்டு, தன் பெயரையும் பிடித்த இடத்தையும் எறும்பு எழுத்தில் ஒரு துண்டில் எழுதினார். நெல் வயல் என்று எழுதுவார் என நினைத்தேன். அவர் வாசித்துக் காட்டினார்: "எண்ணெய் அடிப்பவரின் வலது தோள்."

"வயல் எண்டு போடுங்க மாஸ்டர், வெக்கமா இரிக்கி."

"வயல்ல புடிக்கல்லயே தம்பி."

பேராசிரியருக்கு அனுப்பிய அந்தப் போத்தல் கண்டியில் எங்கோ ஒரு அலுமாரியில் இருக்கும். மாஸ்டர் மௌத்தாகி அடக்கமும் ஆகிவிட்டார். அந்தத் துண்டில் அவருடைய பெயரும் என் தோளும் இன்னும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.