ஒற்றைக்கால் வீரனும் கர்லாக்கட்டையும்

தராசுகளின் தலைவா, படிக்கற்களின் தோழா, நீ வாழ்க! கடைவீதியெங்கும் சாய்ந்த தட்டுகளைப் பழுதுபார்த்து நேர்நிறுத்தும் நுண்விரல் உடையவனே, மேசைமீது குனிந்து குனிந்து கல்லாய் இறுகிய கழுத்தை யோகாசனத்தாலும் கர்லாக்கட்டையாலும் இளக்கி, தனக்கும் இரண்டு தோள்கள் உண்டென்பதை நடுவயதில் கண்டறிந்த பேராளனே, நின் புகழ் ஓங்குக!

ஆயினும் அவ்வீரனை ஒரு புதிர் வாட்டியது. வலக்காலை மடக்கி இடத்தொடையில் ஊன்றி மரமென நின்று, பிடி சிறுத்து முனை பருத்த கட்டையை உயர்த்தும்வரை அவன் மலை. முன்னே இறக்கினாலும் மலை. அதே கட்டை முதுகுக்குப் பின்னே வளைந்ததும், வேரறுந்தவன்போல் பின்னோக்கிச் சாய்வான். காலை மாற்றினான். கட்டையை மாற்றினான். ரசமட்டம் வைத்துத் தரையைச் சோதித்தான், தரை குற்றமற்றது. முதற்போரில் மேசைவிளக்கு மாண்டது. மறுபோரில் பிளாஸ்க் வீரமரணம் எய்தியது.

கட்டிலில் துணி மடித்தவாறு வீற்றிருந்த மனைவி அப்போது பேரறிவிப்பு விடுத்தாள்:

"இன்னைக்கு இன்னொரு தடவை விழுந்தீங்க, கட்டை நேரா எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடும். சொல்லிட்டேன்."

அந்த அண்ணனுக்கா! 'இந்த உடம்புக்குக் கட்டை ஒரு கேடா?' என்று வயிறு குலுங்கச் சிரித்த மைத்துனனுக்கா! இளகிய கழுத்து மீண்டும் கல்லாவதா?

முரசுக்குப் பதில் மின்விசிறி முழங்க, வீரன் ஒற்றைக்காலில் எழுந்தான். புயலை விழுங்குபவன்போல் மூச்சை இழுத்து நெஞ்சக்கோட்டைக்குள் சிறைவைத்து, கட்டையை ஓங்கினான். அது தோளைக் கடந்து பின்னே இறங்கியது.

"ஏங்க, அடுப்பை அணைச்சீங்களா?"

"அணைச்சுட்டேம்மா! ஒரு மனுஷனை நிம்மதியா விழக்கூட விடமாட்டியா?"

கட்டை முதுகைச் சுற்றி முன்னே வந்து சேர்ந்தது. வீரன் நின்றுகொண்டிருந்தான்.

"அட, விழலையே!" மடித்த துணி அவள் மடியிலிருந்து நழுவியது. "எங்க, இன்னொரு தடவை திட்டுங்க பார்ப்போம்."

திட்டினான், நின்றான். வாய்மூடிச் சுழற்றினான், சரிந்து சுவரைப் பற்றினான். சுவரைப் பிடிப்பது விழுவதாகாது என்று வாதாடினான். அவளும் பெரிய மனதுடன் விட்டுக்கொடுத்தாள். தராசின் முள்ளை நோக்கும் கண்ணால் தன்னுடம்பையே உள்நோக்கினான். மூச்சை அடக்குகையில் விலா விரிந்து, இடுப்பு முன்வளைந்து, பாரமெல்லாம் குதிகாலுக்கு ஓடியது. திட்டுகையிலோ மூச்சு வெளியேறி, விலா இறங்கி, வயிறு இறுகி, பாரம் உள்ளங்காலின் நடுவே வந்து அமர்ந்தது. அப்படியானால் வசவு எதற்கு? மீண்டும் ஓங்கி, சொல்லொன்றும் இன்றி மெல்ல ஊதினான். கட்டை சுழன்றது, ஊன்றிய காலின் விரல்நுனியும் அசையவில்லை.

கட்டை பின்னால் போகும்போது மூச்சை வெளியே விட்டால் போதும்.